ஜப்பானிய வீராங்கனை ஒருவரின் ஓட்ட வாழ்க்கையைப் பின்தொடர்வது எப்படி?

முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒருவர் போதும். இரண்டு பேரை எடுத்தால் ஒப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசியில் பதக்கக் கணக்குதான் மிஞ்சும். 1500 மீட்டரும் ஓடுபவர், 5000 மீட்டரும் ஓடுபவர் என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. ஜப்பானில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஏன் குறைவு என்பது புரியத் தொடங்கும்போது அந்த நாட்டுப் பெண்கள் ஓட்டமே பாதி புரிந்துவிடும்.

என் குறிப்பேட்டில் இருப்பவர் தனகா நொசோமி. பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் வேலை பார்ப்பது கோபேயில். அவர் பிறந்ததும் இதே ஹியோகோ மாகாணத்தில்தான், ஓனோ நகரில். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினால் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் ஓடுகிறவரைத் தேர்ந்தெடுப்பது சோம்பேறிகளுக்கு ஏற்ற வழி. நான் அந்த ரகம்.

குறிப்பேடு என்று சொன்னது நிஜ நோட்டைத்தான். கணினியில் அட்டவணை போட்டால் நேரங்களை வரிசைப்படுத்தத்தான் கை போகும். நோட்டில் தேதி வாரியாக எழுதினால் இடைவெளிகள் கண்ணில் படும். இந்த விஷயத்தில் இடைவெளிகள்தான் முக்கியம், பின்னால் வருகிறேன்.

முதல் பக்கம்: பெயர், பிறந்த தேதி, வீடு

ஜப்பானியப் பட்டியல்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஐரோப்பியப் பட்டியல்களில் பின்னால் போய்விடும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். தனகா என்ற குடும்பப் பெயர் ஊர் முழுக்க இருப்பதால், பிறந்த தேதியையும் மாகாணத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பிறகு சிலர் பதிவுப் பெயரை மாற்றிக்கொள்வார்கள். அன்றோடு ஒருத்தி காணாமல் போய் வேறொருத்தி முளைத்ததுபோல் முடிவுப் பட்டியல் காட்டும்.

பிறந்த தேதியில் இன்னொரு நுட்பம் உண்டு. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிக்குள் பிறந்தவர்களை ஹயாஉமாரே என்பார்கள். வகுப்பிலேயே சின்னவர்கள் இவர்கள்தான். பன்னிரண்டு வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது 800 மீட்டரில் பெரிய விஷயம். அதனால் பள்ளிப் போட்டி முடிவில் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும் வகுப்பை மட்டும் பார்க்காதீர்கள், மாதத்தையும் பாருங்கள். இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவை சர்வதேச அளவில் காலண்டர் ஆண்டை வைத்துக் கணக்கிடுவதால், ஹயாஉமாரே பெண்ணுக்கு அந்தப் பிரிவில் வகுப்புத் தோழிகளைவிட ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஃபுகுஷி கயோகோ மார்ச் 25, நியா ஹிதோமி பிப்ரவரி 26. இதை வைத்து ஒரு தத்துவம் கட்டிவிடாதீர்கள். தனகா செப்டம்பரில் பிறந்தவர்.

வீட்டையும் எழுதுங்கள். தனகாவின் அம்மா ஹொக்கைடோ மராத்தானை இரண்டு முறை வென்றவர். அப்பாவும் ஓட்டக்காரர், பிறகு மகளுக்குப் பயிற்சியாளர். இது வெறும் குடும்பக் கதை இல்லை. ஜப்பானில் ஒரு பெண் தன் பள்ளியின், கம்பெனியின் பயிற்சியாளருக்குக் கீழ் ஓடுவதுதான் வழக்கம். அப்பாவிடம் பயிற்சி எடுக்கிறார் என்றால் அந்த வழக்கத்திலிருந்து விலகி ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று பொருள்.

சட்டையில் யார் பெயர் இருக்கிறது?

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. நேரத்தைப் பார்க்கும் முன் சட்டையைப் பாருங்கள்.

பொதுவான பாதை இப்படி. நடுநிலைப் பள்ளி மன்றம், பிறகு ஓட்டத்துக்குப் பேர்போன உயர்நிலைப் பள்ளி, பதினெட்டு வயதில் நேராக ஒரு கம்பெனி அணி. ஆண்களில் பலர் நடுவில் பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். பெண்களில் சிறந்தவர்கள் பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். கம்பெனி அணியை ஜிட்சுகியோதன் என்கிறார்கள். வீராங்கனை அந்தக் கம்பெனியின் ஊழியர். மாதச் சம்பளம், விடுதி, சாப்பாடு, பயிற்சியாளர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. உள்ளாடை தயாரிக்கும் வகோல், ஜப்பான் போஸ்ட், செகிசுய் கெமிக்கல் என்று சட்டையில் பார்க்கும் பெயர்களுக்கும் ஓட்டத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்காது. ஆனால் அந்தச் சட்டை எப்போது மாறுகிறது என்பதைக் குறித்து வைத்தால், அந்தப் பெண் எதற்காக ஓடுகிறார், யார் சொல்லி ஓடுகிறார் என்பது தெரியும்.

ஃபுகுஷியின் பக்கம் சுலபம்: ஆவோமோரியிலிருந்து வந்து, கியோட்டோவின் வகோல் சட்டையிலேயே 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக், 2022 ஜனவரியில் ஓய்வு. ஹிரோனகா ரிரிகாவும் அச்சுக்குள் அடங்குவார்: நாகசாகி வணிகப் பள்ளி, அங்கிருந்து ஜப்பான் போஸ்ட்.

தனகாவின் பக்கம் அப்படி இல்லை. நிஷிவாகி தொழிற்பள்ளியில் படித்தார். அதன் பிறகு கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் அதன் ஓட்ட அணியில் சேரவில்லை. வகுப்புக்கு ஒரு இடம், ஓட்டத்துக்கு வெளியே ஒரு மன்றம். பிறகு தொயோதா ஜிதோஷொக்கி என்ற கம்பெனியின் பெயரில் ஓடினார். 2023 ஏப்ரலில் தொழில்முறை வீராங்கனை ஆகி நியூ பேலன்ஸ் சட்டைக்கு மாறினார். இதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஒரு கேள்வி போடுங்கள்: இந்தச் சட்டைகளில் எது அவரை இலையுதிர் காலத்தில் எகிடென் ஓடச் சொல்லும்?

ஆண்டை இரண்டாகப் பிளந்து எழுதுங்கள்

எகிடென் என்பது சாலையில் ஓடும் நெடுந்தூரத் தொடர் ஓட்டம். கோலுக்குப் பதில் தாசுகி என்னும் துணிப்பட்டை, தோளின் குறுக்கே போட்டுக்கொண்டு ஓடி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கம்பெனிகள் அணி வைத்திருப்பதே முக்கியமாக இதற்காகத்தான். ஏனென்றால் இது தொலைக்காட்சியில் வரும்.

எங்கள் அலுவலகத்தில் இளமையில் எகிடென் ஓடிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். எந்த வீராங்கனையின் பேரை எடுத்தாலும் அவர் நேரம் கேட்க மாட்டார். "அப்படியா, எந்தக் கட்டம் ஓடுகிறார்?" என்பார். நானும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்.

நோட்டின் இடது பக்கத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தடகளம். குமாமோட்டோவில் கனகுரி நினைவுப் போட்டி, கோபேயில் ஹியோகோ ரிலே கார்னிவல், ஹிரோஷிமாவில் ஓதா நினைவுப் போட்டி, மே மாதம் கோல்டன் கிராண்ட் பிரி, கோடையின் தொடக்கத்தில் தேசிய சாம்பியன்ஷிப், ஜூலையில் ஹொக்குரென், பிறகு உலகப் போட்டியோ ஒலிம்பிக்கோ. இவற்றைத் தொலைக்காட்சியில் தேடுவதைவிட முடிவுப் பட்டியலில் தேடுவது எளிது.

ஹொக்குரெனைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹொக்கைடோ விவசாயக் கூட்டுறவு அமைப்பின் பெயரில் ஃபுகாகவா, அபஷிரி, கிதாமி, சிதோசே போன்ற ஊர்களில் ஜூலை மாதம் நடக்கும் தொடர். மற்ற ஜப்பான் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே சாயங்காலக் காற்று குளிர்ந்திருக்கும். பதக்கம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். 2020 ஜூலையில் ஃபுகாகவாவில் தனகா 3000 மீட்டரை 8:41.35-ல் ஓடி, ஃபுகுஷி 2002-ல் வைத்த 8:44.40 என்ற தேசிய சாதனையைத் தாண்டினார். அங்கே வரும் நேரத்தை எழுதும்போது ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் போடுங்கள்: வேகம் பிடித்துக் கொடுக்க ஆள் இருந்ததா, தடத்தின் ஓரத்தில் வேகம் காட்டும் விளக்கு ஓடியதா என்று. அந்த நேரத்தையும் இறுதிப் போட்டியில் தள்ளுமுள்ளுக்கிடையில் வந்த நேரத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

வலது பக்கம் அக்டோபர் முதல் மார்ச் வரை. கம்பெனி அணிகளுக்கு அக்டோபரில் ஃபுகுவோகாவின் முனகதாவில் தகுதிப் போட்டி, பிரின்சஸ் எகிடென். நவம்பரில் மியாகி மாகாணத்தில் மட்சுஷிமாவிலிருந்து செண்டாய் வரை குயின்ஸ் எகிடென், ஆறு கட்டம், மொத்தம் 42.195 கி.மீ. உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு டிசம்பரில் கியோட்டோ: 6, 4.0975, 3, 3, 5 கி.மீ. என ஐந்து கட்டம். ஜனவரியில் மறுபடி கியோட்டோ, இந்த முறை மாகாணங்களுக்கு இடையே. 47 அணிகள், ஒன்பது கட்டம்.

கட்டங்களைப் படிப்பது ஒரு கலை. குயின்ஸ் எகிடெனில் 3-வது கட்டம் பத்து கிலோமீட்டருக்கும் மேல். அதை யாரிடம் கொடுக்கிறார்களோ அவர்தான் அந்த அணியின் தூண். முதல் கட்டத்துக்குச் சிதறாத மனம் வேண்டும், கூட்டத்தில் ஓட வேண்டும். வெளிநாட்டு வீராங்கனைகளை ஒரு குறுகிய கட்டத்தில் மட்டுமே இறக்கலாம் என்ற விதி இருப்பதால், அந்தக் கட்டத்தில் ஓடும் ஜப்பானியப் பெண்ணின் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கென்யக்காரிகள் நடுவில் பத்தாவதாக வந்தாலும் நன்றாக ஓடியிருக்கலாம். ஒரு பெண் ஓர் ஆண்டு மூன்றாம் கட்டத்திலும் மறு ஆண்டு கடைசிக் கட்டத்திலும் ஓடினால் ஏதோ நடந்திருக்கிறது. காயம், புதிய ஆள் வரவு, பயிற்சியாளர் மாற்றம், ஏதோ ஒன்று. காரணம் செய்தியில் வராவிட்டாலும் கட்டம் சொல்லிவிடும்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். 800 மீட்டருக்கும் 1500 மீட்டருக்கும் ஆள் ஏன் குறைவு? எகிடெனில் 800 மீட்டர் கட்டம் கிடையாது. கம்பெனிக்குத் தேவை ஆறு, பத்து கிலோமீட்டர் ஓடும் கால்கள். பள்ளியில் 1500-ல் மின்னியவர் கம்பெனிக்கு வந்ததும் மெல்ல மெல்ல தூரம் கூட்டப்பட்டு மராத்தான் பக்கம் நகர்ந்துவிடுவார். இதற்கு ஒரு சாட்சி: கோபயாஷி யூரிகோ சுமா ககுவென் பள்ளி மாணவியாக இருந்தபோது, 2006-ல், 1500 மீட்டரில் ஓடிய 4:07.86 பதினான்கு ஆண்டுகள் நாட்டின் சாதனையாகவே இருந்தது. பெரியவர்கள் யாராலும் ஒரு பள்ளிப் பெண்ணைத் தாண்ட முடியவில்லை என்பதைவிட, யாரும் அதற்காக மெனக்கெடவில்லை என்று சொல்வதுதான் சரி. 2020 ஆகஸ்டில் தனகா 4:05.27 ஓடித்தான் அது விழுந்தது.

800-ன் கதை இன்னும் வினோதம். ஜப்பானியப் பெண் ஒருவரின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதில்தான்: 1928 ஆம்ஸ்டர்டாமில் ஹிதோமி கினுவே, 2:17.6, வெள்ளி. 100 மீட்டரில் அரையிறுதியோடு வெளியேறிய பிறகு இதில் இறங்கினார். அந்த ஒலிம்பிக்குக்குப் பின் பெண்களுக்கு 800 மீட்டரையே நீக்கிவிட்டார்கள், 1960-ல்தான் திரும்பியது. 2 நிமிடத்துக்குள் முதலில் ஓடிய ஜப்பானியப் பெண் குபோ ரின், 2024 ஜூலையில், 1:59.93. அவரும் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவிதான். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் குபோவை எடுங்கள். கம்பெனிச் சட்டை, எகிடென், தூரம் கூட்டுவது என்ற எல்லாக் கேள்வியும் அவர் முன்னால் வரப்போகிறது.

நேரங்களை எப்படி எழுதுவது

சிறந்த நேரத்தை மட்டும் எழுதாதீர்கள், ஏணியை எழுதுங்கள். தனகாவின் 1500 ஏணி: 4:05.27 (2020 ஆகஸ்ட், தோக்கியோ), 4:04.08 (2021 ஜூலை, ஹொக்குரென்), 4:02.33 (ஆகஸ்ட் 2, ஒலிம்பிக் தகுதிச் சுற்று), 3:59.19 (ஆகஸ்ட் 4, அரையிறுதி), பிறகு ஆகஸ்ட் 6 இறுதிப் போட்டியில் 3:59.95, எட்டாம் இடம். முதல் நான்கு படிகளும் தேசிய சாதனை. அந்த ஒலிம்பிக்குக்கு முன் எந்த ஜப்பானியப் பெண்ணும் ஒலிம்பிக் 1500 மீட்டர் ஓடியதே இல்லை.

பக்கத்தில் ஒரு சுற்றுக்கான நேரத்தையும் போடுங்கள். 1500 என்றால் மூன்றே முக்கால் சுற்று, விநாடியாக்கி 3.75-ஆல் வகுக்க வேண்டும். 4:05.27 என்பது சுற்றுக்கு 65.4 விநாடி, 3:59.19 என்பது 63.8. ஓராண்டில் சுற்றுக்கு ஒன்றரை விநாடிக்கும் மேல். சும்மா ஆறு விநாடி என்று படிக்கும்போது இது உறைக்காது. ஒரு முறை தடத்துக்குப் போய் அந்த வேகத்தில் ஒரே ஒரு சுற்று, வேண்டாம், அரைச் சுற்று ஓடிப் பாருங்கள்.

5000 ஏணி வேறு பாடம். 2019 தோஹா உலகப் போட்டி இறுதியில் 15:00.01. 2021 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், 1500 தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, 14:59.93. இரண்டு ஆண்டில் எட்டு நூறில் ஒரு பங்கு விநாடி! இதை மட்டும் பார்த்தவர் 'தேங்கிவிட்டார்' என்று எழுதியிருப்பார். அதே வாரம் அதே கால்கள் 1500-ல் என்ன செய்தன என்று மேலே பாருங்கள். பிறகு 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 14:37.98, இரண்டு வாரம் கழித்து செப்டம்பர் 8 அன்று பிரசெல்ஸில் 14:29.18. 1500-ல் சேர்த்த வேகம் 5000-க்கு வந்து சேர இரண்டு ஆண்டு எடுத்திருக்கிறது. இரண்டு ஏணியையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

முன்னால் இருந்தவர்களையும் ஒரு வரி எழுதுங்கள். 5000-ல் ஃபுகுஷியின் 14:53.22, 2005-லிருந்து பதினாறு ஆண்டு நின்றது. 2021 ஒலிம்பிக் இறுதியில் ஹிரோனகா 14:52.84 ஓடி அரை விநாடிக்கும் குறைவாகத் தாண்டினார். இரண்டே ஆண்டில் தனகா இருபது விநாடிக்கும் மேல் கீழே கொண்டுபோனார். அந்தப் பதினாறு ஆண்டு மௌனமும் கதைதான். அந்தத் தலைமுறையின் கால்கள் மராத்தானுக்குப் போயிருந்தன.

வெற்றுப் பக்கங்கள்

ஆறு மாதம் பெயரே வராது. பதறி வதந்தி தேடாதீர்கள். பக்கத்தை வெற்றாக விட்டுத் தேதி மட்டும் போடுங்கள்.

பெண்கள் ஓட்டத்தில் இந்த இடைவெளிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் எலும்பு இருக்கும். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல், மாதவிலக்கு நின்று, எலும்பு மெலிந்து, விரிசல். ஜப்பானில் இது பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகிறது என்ற கவலை பழையது. உயர்நிலைப் பள்ளி ஓட்டக்காரர்களுக்கு ரத்த சோகை என்ற பெயரில் இரும்புச்சத்து ஊசி போடும் பழக்கம் பரவி, அதைத் தடுக்க ஜப்பான் தடகளச் சங்கம் 2019-ல் வழிகாட்டு நெறி வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே பதினாறு வயதில் நாட்டையே கலக்கிய பெண்ணின் இருபது வயதுப் பக்கம் காலியாக இருந்தால் 'சோம்பல்', 'மனவலிமை இல்லை' என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை. உடல் எடை பற்றி யாரோ எங்கோ போட்ட வரியை நோட்டில் ஏற்றாதீர்கள். அதை நான் கறாராகவே சொல்கிறேன்.

வெற்றுப் பக்கம் முடிவும் அல்ல. நியா ஹிதோமியைப் பாருங்கள். 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் 30:56.70, ஐந்தாம் இடம். 2014 ஜனவரியில் ஓய்வு அறிவித்துவிட்டு அலுவலக வேலைக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டுக்கும் மேல் எதுவும் இல்லை. 2018-ல் திரும்பினார். 2020 ஜனவரியில் ஹூஸ்டன் அரை மராத்தான் 1:06:38, அதே ஆண்டு டிசம்பரில் ஒசாகாவில் 10,000 மீட்டர் 30:20.44. பதினெட்டு ஆண்டு நின்ற தேசிய சாதனை 28 விநாடி வித்தியாசத்தில் போனது. பயிற்சியாளர் யார் தெரியுமா? 800 மீட்டர் ஓடிய யோகோத்தா மசாதோ. இந்த மாதிரி ஒரு வரிக்காகத்தான் பயிற்சியாளர் பெயருக்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்கிறேன்.

நேரில் பார்க்க

ஒரு முறையாவது ஜனவரியில் கியோட்டோவுக்குப் போங்கள். மாகாணங்களுக்கு இடையிலான பெண்கள் எகிடென், நிஷிகியோகோகு மைதானத்தில் தொடங்கி நகரைச் சுற்றி தகரகாயிகே பக்கம் சர்வதேச மாநாட்டு மண்டபம் வரை போய்த் திரும்பும். சாலையோரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம். ஒரு முழு வாழ்க்கையும் ஒரே மதியத்தில் கண் முன்னால் ஓடும் போட்டி இது ஒன்றுதான்: இரண்டு கட்டங்கள் நடுநிலைப் பள்ளிப் பெண்களுக்கு, மற்றவற்றில் உயர்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகம், கம்பெனி ஆட்கள் கலந்து. கம்பெனி எங்கே இருந்தாலும் பெரியவர்கள் சொந்த மாகாணத்துக்கு ஓடலாம் என்று ஓர் ஏற்பாடும் உண்டு, அதனால் உலக இறுதியில் ஓடியவரின் தோளுக்குப் பதினான்கு வயதுப் பெண்ணின் தாசுகி வரும்.

நிற்க நல்ல இடம் நிஷிஓஜி தெருவில் கினுகசாவுக்கு ஏறும் பகுதி. ஏற்றம் என்பதால் முகங்கள் தெளிவாகத் தெரியும், வேகமும் சற்றுக் குறையும். ஆனாலும் மூன்று நொடிதான். போனில் நேரலையை வைத்துக்கொண்டு நில்லுங்கள், இல்லாவிட்டால் யார் போனார் என்றே தெரியாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிப் பெண்களைப் படமெடுப்பதைத் தவிருங்கள். ஒளிந்து படமெடுக்கும் ஆட்களின் தொல்லையால் பல மைதானங்களில் இப்போது அனுமதி வாங்கித்தான் கேமராவே எடுக்க முடியும்.

குளிர் ஒத்துவராதவர்கள் ஏப்ரலில் கோபேக்கு வரலாம். சுரங்க ரயிலில் சோகோ உண்டோ கோயென் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே யூனிவர்சியாட் நினைவு மைதானம். கடைசி வளைவுக்கு நேராக உட்காருங்கள். 1500-ல் முடிவு அங்கேதான் எடுக்கப்படும்; முடிவுக்கோட்டில் உட்கார்ந்தவர்கள் அதன் விளைவை மட்டும் பார்ப்பார்கள்.

ஆண்டுக் கணக்கை முடிப்பது டிசம்பரில் அல்ல. மார்ச் கடைசி வாரம் அணிகளின் தளங்களைப் பாருங்கள். ஓய்வு, விலகல், புதிய சேர்க்கை எல்லாம் பெரும்பாலும் இரண்டு வரி அறிவிப்பாக அப்போதுதான் வரும். ஏப்ரல் 1 வந்ததும் புதிய பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் சட்டையின் பெயரையும் பயிற்சியாளரின் பெயரையும் எழுதுங்கள், பழையதே தொடர்ந்தாலும்.